மாரி காலத்துத் திருகோணமலைக்கு எந்த ரேடியோவை எடுத்துப் போவது?

டிசம்பர் லீவு விட்டால் எங்களுக்குத் திருகோணமலைதான். மனைவியின் ஊர் உப்புவெளி. மாமாவும் மாமியும் அங்கேதான் இருக்கிறார்கள். கோட்டையில் இரவு றெயில் ஏறினால் கல்ஓயா சந்தியில் ஒருமுறை விழிப்பு வரும், பிறகு விடியும் நேரம் கந்தளாய்ப் பக்கத்து வயல்கள் தண்ணீரோடு கண்ணில் படும். உடுப்புப் பைக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு பை இருக்கும். அது ஹாம் ரேடியோப் பை, அதாவது அனுமதிப்பத்திரம் எடுத்துப் பொழுதுபோக்காக உலகத்தோடு கதைக்கும் ரேடியோ. அதற்குள் எதை வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு கிழமைக்கு முதலே யோசிக்கத் தொடங்கிவிடுவேன். கையடக்க வோக்கி டோக்கி மட்டும் போதுமா? ஐந்து பத்து வாட் சிற்றலை ரேடியோவா? காரில் போவதென்றால் 100 வாட் பெட்டியையே ஏற்றிவிடலாமா? மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். விடுமுறை ரேடியோ பற்றிக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் ஒன்றில் பனி மலைக்கு, இல்லாவிட்டால் வெயில் கடற்கரைக்கு எழுதியவை. திருகோணமலையில் வெயிலும் அமைதியான கடலும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். நவம்பரும் டிசம்பரும் மாரி. வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும். நிலாவெளியில் புறாமலைக்கு ஓடும் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். காலையில் வெளித்த வானம் பத்து மணிக்கு இருண்டுவிடும், பதினொரு மணிக்குத் திரும்ப வெளிக்கும். இந்தக் காலநிலைக்குள் வேலை செய்யக்கூடிய ரேடியோ எது என்பதுதான் கேள்வி.

இதற்கு எனக்கு விடை காட்டியவர் ஒரு வயதான மீனவர். சில வருடங்களுக்கு முதல் காரில் போயிருந்தோம். நான் 100 வாட் ரேடியோவையும் ஒரு கார் பற்றரியையும் உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், இரண்டு தடிகளுக்கு நடுவில் நீட்டுக் கம்பியான டைபோல் அன்ரெனா கட்டி, நல்ல சந்தோசமாக ஜப்பான் நிலையங்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "தம்பி, அங்க பாருங்கோ, கறுத்துக்கொண்டு வருது. கால் மணித்தியாலம் கூட இல்லை" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோது கடலுக்கும் வானத்துக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திரை. நிற்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் தூரத்தில் தெரிந்த ஒரு கப்பல் இரண்டு நிமிடத்தில் அதற்குள் மறைந்து போனது. மூன்று கயிறு, இரண்டு தடி, இருபது மீற்றர் கேபிள், பற்றரி, ரேடியோ, மேசை, கதிரை. எல்லாவற்றையும் கழற்றிச் சுற்றி முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். மழை பத்து நிமிடத்தில் வந்தது. மழையை விட மோசம் அதற்கு முன்னால் வந்த காற்று. அது கொண்டுவந்தது உப்பு கலந்த ஈரம். ரேடியோவைத் துவாயால் மூடித் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது பிழைத்தது. கேபிள் நுனிகளில் இருந்த இணைப்புகள் இரண்டு கிழமையில் பச்சை பிடித்துப் போயின.

அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மழை தெரிந்தபின் எத்தனை நிமிடத்தில் இதைப் பைக்குள் போடலாம்? வாட் எத்தனை, விலை எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

100 வாட் பெட்டி

அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் நியாயம் உண்டு. யேசு எஃப்டி-891 போன்ற ஒரு கார் ரேடியோ இரண்டு கிலோவுக்குள்தான். குரலில் கதைக்க விரும்புகிறவருக்கு 100 வாட் பெரிய ஆறுதல். நெரிசலான நேரத்தில் ஐரோப்பிய நிலையங்களைக் கூப்பிட்டால் காதில் விழும். ஆனால் சுமை ரேடியோவில் இல்லை, அதற்குத் தீனி போடுவதில் இருக்கிறது. முழுச் சக்தியில் அனுப்பும்போது அது 23 ஆம்பியர் வரை இழுக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே ஒரு ஆம்பியருக்கு மேல் போகும். ஆகவே பெரிய பற்றரி வேண்டும், அல்லது கார் எஞ்சினை ஓடவிட வேண்டும். றெயிலில் போகிறவர் இதை யோசிக்கவே தேவையில்லை.

கணக்கையும் பார்ப்போம். 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையில் 10 டெசிபெல் வித்தியாசம். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீற்றரில் ஒரு அலகு 6 டெசிபெல். அப்படியானால் மறுமுனையில் இருப்பவரின் முள் இரண்டு அலகு கூட இறங்காது. குரலை விட்டு மோர்ஸுக்குப் போனால் அந்த 10 டெசிபெல்லை அப்படியே திரும்ப எடுத்துவிடலாம், ஏனென்றால் மோர்ஸ் மிகக் குறுகிய அலை அகலத்தில் ஓடுகிறது. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் பல தடவை படித்திருக்கிறேன். திருகோணமலைக் கடற்கரையில்தான் அதை நம்பினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கணக்கில் வராது. முதல் தடவை மாமியின் வளவில் உயரமாகத் தடி நட்டுக் கம்பி இழுத்தபோது அவர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஆமிக்காரர் வந்து இது என்னெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" அந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருடம் இருக்கிறது. வோக்கி டோக்கி ஒன்று வீட்டில் இருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தை வாழ்ந்து முடித்தவர் அவர். அனுமதிப்பத்திரத்தைக் காட்டினேன், அழைப்புக் குறியைக் காட்டினேன். அவர் தலையாட்டினார், ஆனால் தடியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு விடுமுறைக் கருவி, தங்கியிருக்கும் வீட்டு மனிதரை இரவில் நித்திரையில்லாமல் ஆக்கக் கூடாது. பத்து மீற்றர் தடியும் தடித்த கேபிளும் வேண்டாம், தென்னையோடு தென்னையாகக் கலந்துவிடும் ஒரு மெல்லிய கம்பி போதும் என்று நான் முடிவெடுத்தது அவருக்காகத்தான். சின்ன ரேடியோவுக்கு அந்தக் கம்பி தாராளம்.

ஆகவே 100 வாட், கார் கூடவே நிற்கிறவருக்கு மட்டும். அதுவும் காருக்குள் இருந்தே, சவுக்குப் போல வளையும் கார் அன்ரெனாவோடு. மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேலையைத் தொடரலாம் என்பது அதன் பெரிய பலம்.

கையடக்க ரேடியோ மட்டும்

கையடக்கத்தைப் பைக்குள் போட ஐந்து வினாடி போதும். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் போகும்? கடற்கரையில் நிற்கும் இருவருக்கு, அன்ரெனா இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்தால், வானொலித் தொடுவானம் ஒவ்வொருவருக்கும் ஆறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். நகரத்திலிருந்து கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் மூதூர் நேர்கோட்டில் பதின்மூன்று பதினான்கு கிலோமீற்றர். விளிம்பில்தான் நிற்கிறோம். மூதூரில் இருப்பவர் ஒரு மாடி ஏறினால் தெளிவாகக் கேட்கும், கீழே இறங்கினால் இரைச்சல். சுவாமி மலை உச்சி இதற்கு அருமையான இடம் என்று வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். அங்கே கோணேசர் கோயில் இருக்கிறது, போகும் வழி பிரட்றிக் கோட்டை இராணுவ முகாமுக்குள்ளால். அங்கே ரேடியோவை வெளியில் எடுக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

கையடக்கத்தின் உண்மையான சுகம் வேறு இடத்தில் இருக்கிறது: சர்வதேச விண்வெளி நிலையம். அதில் ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் ஒன்று உண்டு, ஒரு அலையில் கேட்டதை இன்னொரு அலையில் திரும்ப அனுப்பும் கருவி. 145.990 மெகா ஹேர்ட்ஸில் 67 ஹேர்ட்ஸ் தொனியோடு அனுப்ப வேண்டும், 437.800இல் கேட்க வேண்டும். தலைக்கு மேலால் போகும் நேரம் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு மழை விட்டால் போதும், விடாவிட்டாலும் விறாந்தையில் நின்று முயலலாம், இந்த அலைகளுக்கு மழை பெரிய தடை இல்லை. அளவு நாடாவை வெட்டிச் செய்த ஒரு திசைக்கு மட்டும் கூர்மையாகக் கேட்கும் சின்ன யாகி அன்ரெனா இருந்தால் போதும். மகளிடம் அதைக் கொடுத்து நிலையம் போகும் திசைக்குத் திருப்பச் சொன்னேன். சத்தம் கூடிக் குறைவதைக் கேட்டு அவளே திசையைப் பிடித்தாள். சிற்றலையில் ஆயிரம் மைல் தாண்டிய தொடர்புகள் அவளை இழுக்கவில்லை, இது இழுத்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை ஒதுக்க வேண்டாம்.

ஆனாலும் கையடக்கம் மட்டும் என்று போனால் பத்து நாளில் மூன்றாம் நாளே கை சும்மா இருக்கும். 144 மெகா ஹேர்ட்ஸில் கொழும்பில் எப்போதும் யாராவது இருப்பார்கள், கிழக்குக் கரையில் அப்படி இல்லை. ஆகவே இதை இரண்டாவது கருவியாகத்தான் கணக்கெடுக்கிறேன்.

சின்ன சிற்றலை ரேடியோ

இங்கேதான் என் மனம் நிற்கிறது. காரணம் ரேடியோ மட்டும் இல்லை, ஊரும்தான்.

கடற்கரை மணலில், அலை வந்து திரும்பும் ஈரக் கோட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கம்பியை நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை அனுபவித்தவர் பிறகு விடமாட்டார். வீட்டு நிலத்தில் நிற்கும் செங்குத்துக் கம்பி, தொடுவானத்துக்குக் கிட்டப் போக வேண்டிய அலையில் பெரும் பகுதியை நிலத்துக்கே இழந்துவிடும். உப்புத் தண்ணீர் அப்படி இல்லை. அது நல்ல கடத்தி, தாழ்ந்த கோணத்தில் போகும் அலையைத் தின்னாமல் தூக்கிக் கொடுக்கும். தூர நாடுகளுக்குப் போவது அந்தத் தாழ்ந்த கோணம்தான். 14 மெகா ஹேர்ட்ஸுக்கு ஐந்து மீற்றர் கம்பி போதும். ஆறு மீற்றர் நீளும் கண்ணாடி நார்த் தூண்டில் தடி ஒன்று, அதில் கம்பியைச் சுற்றி, கீழே நான்கு கம்பிகளை ஈர மணலில் விரித்துவிட வேண்டும். அவ்வளவுதான். பத்து வாட்டில் ஜப்பானும் அவுஸ்திரேலியாவும் பதில் சொல்வது ஆச்சரியம் இல்லை, அந்தத் திசைகளில் கரைக்கு முன்னால் கடல்தான்.

ஐரோப்பா இந்தக் கரைக்கு முதுகுப் பக்கம். லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் நம்மவர்களோடு கதைக்க ஆசைப்படுகிறவர் இதை யோசிக்க வேண்டும். உப்புவெளியில் வடமேற்குத் திசையில் வீடும் மரமும்தான். நிலாவெளியில் ஒரு வசதி உண்டு: கடற்கரை ஒடுங்கிய ஒரு கீற்று, அதற்குப் பின்னால் களப்பும் உப்பளமும். மேற்கே பார்த்தாலும் உவர் நிலம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு 20 மீற்றர் பான்ட் (அதே 14 மெகா ஹேர்ட்ஸ்) ஐரோப்பாவுக்குத் திறக்கும் நேரத்தில் அங்கே நின்றால் வித்தியாசம் தெரியும்.

தடி பற்றி ஒரு சொல். வாடைக்காற்றில் இந்தத் தூண்டில் தடிகள் ஒன்றுக்குள் ஒன்று சரிந்து இறங்கிவிடும். நான் எல்லா வகை ஒட்டு நாடாவையும் முயன்று பார்த்தேன், உப்பு ஈரத்தில் ஒன்றும் நிற்கவில்லை. பழைய சைக்கிள் டியூப்பை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு மூட்டிலும் இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகிவிட்டால் நிற்கிறது. கழற்ற இரண்டு வினாடி. தடியின் அடியை மணலில் அரை மீற்றர் புதைத்துவிட்டால் கயிறே தேவையில்லை. இந்த அமைப்பை முழுதாகக் கழற்றிப் பைக்குள் போட என் மணிக்கூட்டில் நான்கு நிமிடம்.

வளவில் இருக்கும்போது வேறு அன்ரெனா: இருபது மீற்றர் நீளக் கம்பி, நுனியில் அதை ரேடியோவோடு பொருந்த வைக்கும் 49க்கு 1 மாற்றிப் பெட்டி. 40, 20, 15, 10 மீற்றர் பான்ட் நான்கிலும் வேலை செய்யும். தங்கூசியில் ஈயக் குண்டைக் கட்டித் தென்னைக்கு மேலால் எறிந்து இழுத்துக் கட்டினால் மாமி தேடினாலும் கம்பி கண்ணில் படாது. தேங்காய் விழும் பக்கம் மட்டும் கட்ட வேண்டாம், மாரிக் காற்றில் அது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. இடி முழக்கம் கேட்டால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ஒரு நிமிட வேலை.

சரி, எந்த ரேடியோ?

ஐகொம் ஐசி-705ஐத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன். ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே இருக்கும் பற்றரியில் 5 வாட், வெளிப் பற்றரியில் 10 வாட். சிற்றலையோடு 144, 430 மெகா ஹேர்ட்ஸும் இருப்பதால் விண்வெளி நிலையத்துக்கும் தேவைப்பட்டால் இதையே எடுக்கலாம். குறை இரண்டு. எந்தக் கம்பியையும் ரேடியோவோடு பொருத்தித் தரும் அன்ரெனா இசைவி உள்ளே இல்லை, எனவே சரியாக வெட்டிய கம்பியோடுதான் போக வேண்டும். இரண்டாவது, பெரிய தொடுதிரையும் சுற்றிவரத் துளைகளும். கடற்கரைக்குப் பிறந்த பெட்டி இல்லை இது. நான் அதை ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பைக்குள் போட்டே இயக்குகிறேன். பொத்தான்களைப் பைக்கு மேலாலேயே திருகலாம்.

எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2 அதில் பாதி எடை கூட இல்லை, 370 கிராம். இசைவியையும் பற்றரியையும் உள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். மோர்ஸ் அடிக்கிறவர் கையில் ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். இறக்கும் வேகத்தில் இதுதான் முதல். காசு இருந்து, மோர்ஸ்தான் உயிர் என்றால் இதை வாங்குங்கள். யேசு எஃப்டி-818 உற்பத்தி நின்றுவிட்டது, ஆனால் பழைய சந்தையில் வரும். 6 வாட்டுக்கு உறுதியான இரும்புப் பெட்டி, அடிவாங்கத் தயார். ஸீகு ஜி90 இருபது வாட், உள்ளேயே நல்ல இசைவி, விலை மற்றவற்றைவிட மிகக் குறைவு. குரலில் கதைக்க ஆசை, ஆனால் கையில் பெரிய காசு இல்லை என்பவருக்கு என் பதில் அதுதான். எடை சற்றுக் கூட, கேட்கும்போதே அரை ஆம்பியர் வரை இழுக்கும் என்பதைப் பற்றரி வாங்கும்போது நினைவில் வையுங்கள். கியூசிஎக்ஸ்-மினி போன்ற உள்ளங்கை மோர்ஸ் பெட்டிகளும் உண்டு. ஒரே பான்ட், 5 வாட், சேட்டுப் பைக்குள் போய்விடும். போன வருடம் வரை அதை மட்டும் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு இருந்தது. ஏன் மாறினேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கணினி வழியாகச் சின்னச் செய்திகள் அனுப்பும் எஃப்டி8 முறையில் வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள், இரண்டு வாட்டிலேயே உலகம் சுற்றலாமே என்று. உண்மைதான், அது இரைச்சலுக்குக் கீழே கிடக்கும் சிக்னலையும் படித்துவிடும். ஆனால் அதற்கு மடிக்கணினியோ டப்லட்டோ வேண்டும், நேரம் வினாடி பிசகாமல் இருக்க வேண்டும். ஈர மணலில் மடிக்கணினியை விரிக்க என் மனம் வராது. விறாந்தையில் மழையைப் பார்த்துக்கொண்டு செய்ய அருமையான முறை. மழை விடாத நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

பற்றரி: லித்தியம் அயன் பொஸ்பேற் வகை, 12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணி. பெருக்கினால் 77 வாட் மணிக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம், 100 வாட் மணி வரைதான் கைப்பையில் தடையில்லாமல் விடுவார்கள், சரக்குப் பையில் தனிப் பற்றரி போடவே கூடாது. 20 ஆம்பியர் மணிப் பற்றரி 256 வாட் மணி, அது விமானத்துக்குள் வராது. பத்து வாட் ரேடியோவுக்கு அந்த 6 ஆம்பியர் மணி ஒரு பின்னேரத்துக்கும் அடுத்த விடியலுக்கும் போதும்.

ஹாம் கருவி சுமக்கும் கியூஓ-100 செய்மதி பற்றியும் இரண்டு வரி. 2018இல் ஏவப்பட்ட அந்த நிலைத்த செய்மதி திருகோணமலையிலிருந்து பார்த்தால் மேற்கே, தொடுவானத்திலிருந்து 26 பாகை உயரத்தில் நிற்கிறது. ஒரு தட்டு அன்ரெனாவும் கணினியோடு இணைக்கும் சின்ன எஸ்.டி.ஆர். ரேடியோப் பெட்டியும் இருந்தால் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் நாள் முழுவதும் கேட்கும். ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு றெயிலில் போக முடியாது. மாமா வீட்டுப் பழைய தொலைக்காட்சித் தட்டைத் திருப்ப அவர் சம்மதித்தால் பார்க்கலாம்.

அனுமதியும் இடமும்

இலங்கையில் இருப்பவர்கள் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறிக்கான அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பைக்குள்ளேயே வையுங்கள். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்கள் அங்கேயுள்ள அனுமதி இங்கே தானாகச் செல்லும் என்று நினைக்க வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், கருவியைக் கொண்டுவரவும் சேர்த்துத்தான். கட்டுநாயக்கவில் சுங்கத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது விடுமுறையின் நல்ல தொடக்கம் இல்லை. பயண நாளுக்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள்.

திருகோணமலை ஒரு துறைமுக நகரம் மட்டும் இல்லை. உள்துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, கோட்டைக்குள் இராணுவம். இவற்றின் வேலிக்கு அருகில் அன்ரெனா விரிக்கவே கூடாது, அனுமதி கையில் இருந்தாலும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லை. ஒருமுறை இரண்டு கடற்படை வீரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். ரேடியோவைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன், பத்திரத்தைக் காட்டினேன், ஒருவருக்கு ஹெட்போனைக் கொடுத்து மோர்ஸைக் கேட்க வைத்தேன். அவருக்குப் பயிற்சியில் படித்தது நினைவு வந்தது, எழுத்தை விரலால் காற்றில் எழுதினார். இரண்டு கிலோவுக்குள் அடங்கும் சின்னப் பை அந்த நேரத்தில் பெரிய உதவி. கார் பற்றரியும் உயரத் தடியும் இருந்திருந்தால் அந்தக் கதை நீண்டிருக்கும்.

ஹாம்கள் உலகைச் சதுரங்களாகப் பிரித்து, தொடர்புகொண்ட சதுரங்களைப் பரிசுக்காகச் சேர்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் பெரும் சதுரம் மாறுகிறது. கொழும்பு எம்ஜே96, திருகோணமலை என்ஜே08. ஒரே தீவுதான், தீவுக் குறியீடும் ஏஎஸ்-003 தான், ஆனால் என்ஜே08இலிருந்து கூப்பிட்டால் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவசரத்துக்கு எது?

டிசம்பரில் இந்தக் கரைக்குப் போகும் ஹாம் எவரும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26 திருகோணமலைப் பக்கம் புயல் கரையேறியது. 2004இல் அதே டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2020 டிசம்பர் 2 புரெவிப் புயல், திருகோணமலைக்கு வடக்கே. ஆழிப்பேரலை வந்த காலையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் தன் குழுவோடு இருந்தார். அபூர்வமான ஓர் இடத்திலிருந்து உலகத்தோடு தொடர்பு கொள்ளும் மகிழ்ச்சிக்காகப் போன குழு அது. தொலைபேசி எல்லாம் செத்துப்போன அந்த நாட்களில் அவர்களுடைய சிற்றலைக் கருவிதான் தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்தது. இலங்கையிலும் ஹாம்கள் தெற்கே அம்பாந்தோட்டையில் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்போடு இணைத்தார்கள்.

இதிலிருந்து என் ஒப்பீட்டுக்கு வருவது என்ன? தொலைபேசிக் கோபுரம் விழுந்தால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் கையடக்கம் எட்டாது, நடுவில் 200 கிலோமீற்றருக்கு மேல் நிலம் இருக்கிறது. 7 மெகா ஹேர்ட்ஸில், தென்னைக்கு மேல் போட்ட அந்தத் தாழ்வான இருபது மீற்றர் கம்பி பகலில் எட்டும். கம்பி தாழ்வாக இருப்பது இங்கே நன்மை, அலை நேரே மேலே போய்த் தீவு முழுக்கத் திரும்பி விழும். மறுபக்கம், ஊருக்குள்ளே மருத்துவமனைக்கும் முகாமுக்கும் நடுவே கதைக்கக் கையடக்கம்தான் உதவும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. சின்னச் சிற்றலை ரேடியோவும் ஒரு கையடக்கமும் சேர்ந்து ஒரே பைக்குள் போகின்றன என்பதே 100 வாட் பெட்டிக்கு எதிரான என் கடைசிக் காரணம்.

அனுமதிப்பத்திரம் இன்னும் இல்லாதவர்கள், ஒரு நல்ல சிற்றலைக் கேட்கும் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். திருகோணமலை சிற்றலைக்குப் புதிய ஊர் இல்லை. ஜெர்மனியின் டொச்ச வெல்லே தன் மறு ஒலிபரப்பு நிலையத்தை அங்கேதான் பல வருடம் வைத்திருந்தது, பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பத்து மீற்றர் கம்பியை ஜன்னலால் வெளியே விட்டால், நகரத்து மின் இரைச்சல் இல்லாத அந்த இரவுகளில் கேட்கக் கிடைப்பது கொழும்பில் கிடைக்காது.

இனி, உள்ளங்கை மோர்ஸ் பெட்டியை நான் ஏன் விட்டேன் என்பது. போன மார்கழியில் ஒரு காலை, மழை பெய்துகொண்டிருந்தது. நான் விறாந்தையில் ஐசி-705ஐ 40 மீற்றரில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு ஹாம்கள் காலையில் அந்தப் பக்கம் தமிழில் கதைப்பார்கள். மாமா தேத்தண்ணியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அவர். "இது எங்கேயிருந்து?" என்றார். மதுரைப் பக்கம் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கூப்பிட்டேன். பத்து வாட், மழையில் நனைந்த கம்பி. அந்தப் பக்கத்திலிருந்து வணக்கம் சொன்னவர் திருகோணமலை என்றதும் கோணேசர் கோயில் பற்றிக் கேட்டார். மாமா என் தோளைத் தட்டி, ஊரில் நல்ல மழை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அங்கேயும் மழையாம். மாமா அதை உள்ளே போய் மாமியிடம் சொன்னார், மாமி வெளியே வந்து கேட்டார். அன்று அவர் கம்பியை அண்ணாந்து பார்க்கவில்லை, ரேடியோவைப் பார்த்தார்.

மோர்ஸ் மட்டும் பேசும் பெட்டியில் அவர்கள் இருவருக்கும் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே இந்த வருடப் பை இப்படி: ஐசி-705, 6 ஆம்பியர் மணிப் பற்றரி, ஐந்து மீற்றர் கம்பியும் தூண்டில் தடியும், இருபது மீற்றர் கம்பியும் மாற்றிப் பெட்டியும், மோர்ஸ் சாவி, ஒரு கையடக்கம், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், சைக்கிள் டியூப் துண்டுகள். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், மாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன ஸ்பீக்கர்.